கத்திரிக்காய் மேல் பழி போடுவதற்கு முன்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் தோலில் எது வந்தாலும் முதலில் மாட்டிக்கொள்வது கத்திரிக்காய்தான். அடுத்து கருவாடு, அப்புறம் நண்டு, இறால், முட்டை. தின்றால் தோலில் அரிப்பு கிளப்பும் என்று நம்புகிற 'கரப்பான் பண்டம்' என்று ஒரு பட்டியல் எல்லா வீட்டுப் பாட்டிகளிடமும் இருக்கிறது. யாராவது அரிக்கிறது என்று சொன்ன அன்றே அது அமலுக்கு வந்துவிடும். மூன்று வேளையும் இலையை நிறைக்கிற சோற்றை மட்டும் அந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. நெல் விளைகிற ஊரில் சோற்றைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது, அது நியாயம்தான். ஆனால் சாப்பாட்டுக்கும் தோலுக்கும் உள்ள சம்பந்தத்தை நாம் பெரும்பாலும் தவறான இடத்தில் தேடுகிறோம்.

பாட்டியின் பட்டியல் முழுக்கப் பொய்யில்லை. இறால், நண்டு ஒவ்வாமை நிஜமானது. சாப்பிட்ட சில நிமிடங்களில், மிஞ்சிப்போனால் ஓரிரு மணி நேரத்தில், உடம்பில் தடிப்பு கிளம்பும், உதடு வீங்கும். மூச்சு வாங்கினால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சரியாகப் பதப்படுத்தாத மீனிலும் கருவாட்டிலும் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்து முகம் சிவந்து அரிப்பதும் உண்டு. கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாதவர்களும் சிலர் இருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அதே பண்டத்தைத் தின்னும்போதெல்லாம் அதே தொந்தரவு வருகிறதா என்று பார்ப்பதுதான். போன மாதம் கல்யாணத்தில் சாப்பிட்ட எண்ணெய்க் கத்திரிக்காயை இந்த மாத அரிப்புக்குக் காரணம் சொல்ல முடியாது.

இந்தப் பழக்கத்தால் பெரிய நஷ்டம் படர்தாமரைக்காரர்களுக்கு. இடுப்பு மடிப்பிலும் தொடை இடுக்கிலும் வட்டமாகப் படர்ந்து அரிக்கிற அது பூஞ்சைத் தொற்று. வியர்வையும் ஈரத் துணியும் அதற்குத் தோது. மீனை நிறுத்திவிட்டு, மருந்துக்கடையில் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி ஒரு டியூப் வாங்கிப் பூசுவார்கள். அந்த டியூபில் பல நேரம் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், இரண்டு வாரத்தில் வட்டம் இரண்டு மடங்காகும். பழி மறுபடியும் மீனுக்குத்தான். நடவுக் காலத்துச் சேற்றுப்புண்ணும் அப்படியே: சேறும் ஈரமும் கொடுத்தது, சாப்பாடு கொடுத்ததல்ல. ஆனால் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும்.

மீனும் தயிரும் ஒன்றாகச் சாப்பிட்டால் வெண்புள்ளி வரும் என்பது இன்னொன்று. வெண்புள்ளி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களை அழிப்பதால் வருவது. வங்காளத்தில் மீனைத் தயிரில் போட்டே குழம்பு வைக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குக் கோபம் வருவது பிள்ளை பெற்றவளின் பத்தியத்தில்தான். குழந்தையின் கன்னத்தில் கரப்பான் தெரிந்ததும் அம்மாவுக்கு மீன் இல்லை, முட்டை இல்லை, பருப்பு இல்லை, பல வீட்டில் தண்ணீர் கூட அளவுதான். மிஞ்சுவது ரசமும் சோறும். பச்சைக் குழந்தைகளின் கரப்பான் பெரும்பாலும் வறண்ட தோலாலும் பிறவி உடல்வாகாலும் வருவது. குளிப்பாட்டியதும் ஈரம் காயுமுன் எண்ணெயோ களிம்போ தடவுவது அதற்கு உதவும். குறிப்பிட்ட பண்டத்தின் மேல் நிஜமாகவே சந்தேகம் இருந்தால் அதை மட்டும் டாக்டரைக் கேட்டு நிறுத்திப் பார்க்கலாம். பிரசவத்தில் ரத்தம் இழந்து, பாலும் கொடுக்கிற பெண்ணுக்குப் புரதத்தையும் இரும்புச்சத்தையும் சேர்த்து நிறுத்தினால், மூன்றாவது நான்காவது மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டுவதைத் தாங்கும் தெம்பு எங்கிருந்து வரும்? அந்த முடி உதிர்வு பிரசவத்துக்குப் பின் இயல்பாக வருவதுதான், தானாகவும் நிற்கும். சத்துக் குறைவு சேர்ந்தால் நீளும்.

பழைய பத்தியத்தில் நல்லதும் இருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பால் ஊற சுறாப்புட்டு கொடுப்பார்கள். புரதம் என்ற கணக்கில் அது சரி. ஆனால் சுறா மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன் என்பதால் அதில் பாதரசம் கூடுதலாகச் சேரும். அந்த இடத்தில் மத்தியையும் நெத்திலியையும் வைக்கலாம். விலையும் மலிவு, தோலுக்கு நல்லதென்று சொல்லப்படும் ஒமேகா 3 கொழுப்பும் மத்தியில் தாராளம்.

இலையில் எது எவ்வளவு

சரி, சோற்றுக்கு வருவோம். இங்கே ஒரு மதியச் சாப்பாட்டைப் பாருங்கள். சாம்பாருக்கு ஒரு சுற்று, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று. நடுவில் வத்தக்குழம்பு இருந்தால் இன்னும் ஒன்று. இலையின் மேல் ஓரத்தில் பொரியல் ஒரு கரண்டி, அதுவும் பாதி தேங்காய். கூட்டு இருந்தால் உண்டு. அப்பளம் மட்டும் இரண்டு. காலையில் இட்லி, இரவில் தோசை, இரண்டும் அரிசிதான்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாளுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு தட்டு வரைந்து காட்டியிருக்கிறார்கள். தானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், கீரையோடு காய்கறி 400 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், கறி 85 கிராம். எல்லாம் சமைக்கும் முன் உள்ள எடை. நம் வீட்டில் அரிசிக்கும் காய்க்கும் உள்ள கணக்கு கிட்டத்தட்ட இதற்குத் தலைகீழ்.

தாத்தாவும் அப்படித்தான் சாப்பிட்டார், அவருக்கு ஒன்றும் வரவில்லையே என்பார்கள். தாத்தா விடியலில் ஏர் பூட்டியவர், பாட்டி நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டவள். இப்போது நடவுக்கு இயந்திரம், அறுப்புக்கு இயந்திரம், வரப்புக்குப் போக பைக். சோற்றின் அளவு மட்டும் ஏர் பூட்டிய காலத்திலேயே நிற்கிறது.

தீட்டிய வெள்ளை அரிசி சீக்கிரம் செரித்து ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அதை இறக்க இன்சுலின் நிறையச் சுரக்கும். இது தினம் மூன்று வேளை, வருடக்கணக்கில் நடந்து, உழைப்பும் இல்லாமல் வயிறும் வைத்தால், இன்சுலின் சொன்னதை உடம்பு கேட்காமல் போகும் (இதற்குப் பெயர்தான் இன்சுலின் எதிர்ப்பு), அளவு மேலும் கூடும். கூடிய இன்சுலின் தோலில் எண்ணெய்ச் சுரப்பைத் தூண்டும், முகப்பரு கிளம்பும். பருவுக்கு வடையையும் பஜ்ஜியையும் மட்டும் திட்டுவது போதாது என்பது இதனால்தான். வடை எண்ணெய் நேராக முகத்துக்கு வருவதில்லை. வடையோடு குடிக்கிற பன்னீர் சோடாவுக்கும் மேலே போட்ட கூடுதல் சோற்றுக்கும் அதில் பங்கு அதிகம்.

இதைவிடத் தெளிவான அடையாளம் பிடரியில் இருக்கிறது. பதினான்கு வயதுப் பெண்ணின் கழுத்தைச் சுற்றிக் கறுத்து, தொட்டால் வெல்வெட் துணியைத் தொட்டாற்போல் சொரசொரப்பும் மென்மையுமாக இருக்கும். செயின் கறை, வெயில், அழுக்கு என்று சொல்லிப் பயத்தமாவும் பீர்க்கங்காய் நாரும் போட்டு அம்மா தேய்ப்பாள். தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். அது அழுக்கே இல்லை. இன்சுலின் எதிர்ப்பைத் தோல் வெளியே காட்டுகிற விதம் அது. அக்குளிலும் அப்படி வரும், பக்கத்தில் சின்னச் சின்ன மருக்கள் முளைக்கும். கூடவே மாதவிடாய் தள்ளிப்போய், தாடையில் முடியும் வந்தால் பெண்கள் நல டாக்டரிடம் காட்ட வேண்டும். எடையும் சோறும் குறைந்து நடை கூடினால் பல மாதத்தில் கறுப்பு மெல்ல மங்கும். க்ரீம் வாங்குகிற காசுக்கு முதலில் ஒரு சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

இதைச் சொன்னதும் பலர் மாப்பிள்ளை சம்பாவுக்கோ கறுப்புக் கவுனிக்கோ மாறிவிடுகிறார்கள். நல்லதுதான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஊர் ஊராகத் தேடி மீட்ட பாரம்பரிய ரகங்கள் இன்று கடையில் பாக்கெட்டில் கிடைப்பதே பெரிய விஷயம். தவிட்டோடு இருந்தால் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் கூடுதல். ஆனால் அதுவும் அரிசிதான். மாப்பிள்ளை சம்பாவை நான்கு சுற்று சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். வெள்ளை வெளேரென்று தீட்டி வாங்கினால் கூடுதல் விலை கொடுத்ததுதான் மிச்சம்.

சின்ன மாற்றங்களே நிறையச் செய்யும். பச்சரிசியைவிடப் புழுங்கலில் பி வைட்டமின் தங்கும், ஏனென்றால் அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்தில் கொஞ்சம் மணிக்குள் இறங்கிவிடுகிறது. அதையும் ஐந்தாறு தண்ணீரில் அலசி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் இறங்கியது வெளியே போய்விடும். சாம்பாரில் தண்ணீரைக் குறைத்துப் பருப்பைக் கூட்டலாம். முதல் சுற்றுச் சோறு விழுவதற்கு முன்பே பொரியலையும் கூட்டையும் சாப்பிட்டு முடித்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும்; பந்தியில் பரிமாறுபவர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. பழைய சோறும் மோசமில்லை, ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பங்கு எளிதில் செரிக்காத வகையாக மாறிவிடுகிறது. அளவு மட்டும் கவனம்.

சாப்பிட்டு முடித்த கையோடு காபி

கும்பகோணத்துக்காரர்களிடம் காபியைக் குறைக்கச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. நேரத்தை மாற்றச் சொல்லலாம். காபியிலும் டீயிலும் உள்ள சில பொருள்கள், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். முருங்கைக்கீரை பொரியல் சாப்பிட்டு உடனே ஒரு டபரா காபி குடித்தால் கீரையின் பலன் பாதி வீண். கீரையில் உள்ள இரும்பு மீனிலும் கறியிலும் இருப்பதைவிடக் கஷ்டப்பட்டே உள்ளே போகும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரையோடு எலுமிச்சை பிழிவதோ, சாப்பிட்டதும் ஒரு கொய்யா கடிப்பதோ இரும்பு உள்ளே போக உதவும்.

இது சின்ன விஷயமில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழ் சோர்ந்து, வாயோரம் வெடித்து, சீப்பில் முடி நிற்கும்போது நாம் பழி போடுவது போர் தண்ணீர் மேல். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், உண்மை. வேரோடு வரும் முடிக்கு ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்ப்பது நல்லது.

நாட்டுச் சர்க்கரைக்கும் பனைவெல்லத்துக்கும் மாறிவிட்டோம் என்று இரண்டு கரண்டி கூடப் போடுகிறவர்கள் உண்டு. ரத்தத்தில் போய்ச் சேர்ந்தபின் அதுவும் சர்க்கரைதான். கேரட் ஜூஸ் தினம் குடித்தால் நிறம் வரும் என்பது ஒரு வகையில் மெய்: அளவு மீறினால் உள்ளங்கை மஞ்சளாகும், மஞ்சள்காமாலை என்று வீட்டில் பதறுவார்கள். கர்ப்பத்தில் குங்குமப்பூ குடித்தாலும் பிள்ளையின் நிறம் பெற்றோர் கொடுத்ததுதான். சாப்பிட்டபின் போடுகிற கொழுந்து வெற்றிலை இருக்கட்டும். பாக்கும் புகையிலையும் வேண்டாம், பாக்கு மட்டுமே கூட வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது.

வயலில் வேலை செய்யும் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பதைச் சாப்பாட்டுத் தவறு என்று சொல்ல எனக்கு மனமில்லை. நீர்க்கடுப்பும் தலைச்சுற்றலும் அதில்தான் வருகின்றன. அது வரப்போரத்தில் மறைப்பு கட்டிக்கொடுக்க வேண்டியவர்களின் தவறு.

கடைசியாக மாத்திரை. முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் என்ற பி வைட்டமின் மாத்திரை இப்போது தாராளமாக விற்கிறது. முட்டை, நிலக்கடலை, பருப்பு சாப்பிடுகிறவர்களுக்குப் பயோட்டின் குறைவு அபூர்வம். அதிக அளவில் எடுத்தால் தைராய்டு உள்ளிட்ட சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்யும் ட்ரோபோனின் பரிசோதனையும் இதில் சேரும். அதனால் லேபில் ரத்தம் கொடுக்கும் முன் அந்த மாத்திரையின் பெயரை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அவர் எத்தனை நாள் நிறுத்தச் சொல்கிறாரோ அத்தனை நாள் நிறுத்திவிட்டுப் போங்கள்.