ஹெட் மாற்றியும் வண்டி சரியாகவில்லையா? மறுபடி கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

பழைய காருக்கு ஹெட் (இன்ஜின் பிளாக்கின் மேல் உட்காரும், வால்வுகள் உள்ள பகுதி) மாற்றிப் பூட்டியாயிற்று. ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. அல்லது ஸ்டார்ட் ஆனாலும் மிஸ்ஸிங் (சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடுவது) இருக்கிறது, அல்லது சூடேறுகிறது. உடனே கேஸ்கெட்டை (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) சந்தேகப்பட்டு ஹெட்டை இறக்கிவிடாதீர்கள். அதைத் தொடாமலே கண்டுபிடிக்கக் கூடியவை நிறைய இருக்கின்றன.

முதலில் டைமிங், அதாவது பிஸ்டனின் அசைவோடு வால்வுகள் திறந்து மூடும் பொருத்தம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கிராங்க் குறிகள் இரண்டும் மறுபடி நேருக்கு நேர் வர வேண்டும். ஒரு பல் தள்ளியிருந்தாலே இழுவை போய்விடும். நடுவில் கெட்டியாக முட்டினால் பலம் கொடுக்காதீர்கள். வால்வு பிஸ்டனில் இடிக்கிறது என்று அர்த்தம். குறிகள் சரியாக இருந்தும் கார்புரேட்டர் வழியாக வெடித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுப்பது) 180 டிகிரி மாறியிருக்கலாம். முதல் பிஸ்டன் இரண்டு சுற்றில் இரண்டு முறை மேலே வரும்; கம்ப்ரஷனில் (வால்வுகள் மூடியிருக்க, கலவையை அழுத்தியபடி) வரும் முறைதான் கணக்கு. பிளக் ஒயர் வரிசையையும் அந்த இன்ஜினின் மேனுவலோடு ஒப்பிடுங்கள். நான்கு சிலிண்டரில் 1-3-4-2 அதிகம், ஆனால் எல்லாவற்றிலும் அதுவே அல்ல.

அடுத்தது டேப்பெட், அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வால்வைத் தேய்த்து உட்கார வைக்கும்போது அதன் தண்டு கொஞ்சம் மேலேறும், அந்த அளவுக்கு இடைவெளி குறையும். இடைவெளியே இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷனும் நிற்காது. நல்ல ஹெட்டும் கெட்டதுபோலவே தெரியும். அளவு குளிர்ந்த இன்ஜினுக்கா, சூடான இன்ஜினுக்கா என்பதை மேனுவலில் பார்த்தே வையுங்கள்.

இப்போது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம். எல்லாப் பிளக்கும் வெளியே, பெட்ரோலும் கரண்ட்டும் துண்டிப்பு, ஆக்சிலரேட்டர் முழுதாக அழுத்தியபடி, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, பிஸ்டன் ஐந்தாறு முறை மேலேறும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். பழைய பெட்ரோல் இன்ஜின்களில் பொதுவாக 10 முதல் 13 பார் வரும். அந்த அளவைவிட, குறைவு எந்தச் சிலிண்டர்களில் என்பது முக்கியம். எல்லாமே ஒரேபோல் குறைவென்றால் டைமிங்குக்குத் திரும்புங்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு மட்டும் குறைவென்றால் நடுவே கேஸ்கெட் விட்டிருக்கும். ஒன்று மட்டும் குறைந்தால் பிளக் துளையில் 5 மில்லி ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள்: ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

சூடேறினால் முதல் சந்தேகம் ஏர் லாக், அதாவது கூலண்ட் ஓடும் வழியில் காற்று அடைத்துக்கொள்வது. குளிர்ந்த பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வண்டியின் முன்பக்கம் உயர, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓட விடுங்கள். தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலண்டுக்கு வழிவிடும் வால்வு) திறந்ததும் மட்டம் சட்டென இறங்கும். அப்போது கூலண்ட் ஊற்றிக்கொண்டே வாருங்கள். குமிழி சிறிது நேரத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் வந்துகொண்டேயிருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு கேஸ்கெட் வழியாகக் கூலண்டுக்குள் புகுந்துகொண்டிருக்கலாம்.

கேஸ்கெட்தான் என்று உறுதியானால், அது ஏன் போனது என்று தெரியாமல் அடுத்ததைப் போடாதீர்கள். பிளாக்கில் அடி மூடிய போல்ட் துளைகளைப் பாருங்கள். உள்ளே ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் அதை அழுத்தியபடி நின்றுவிடும். டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு முறுக்கும் ஸ்பேனர்) சரியான அளவில் ‘கிளிக்’ என்று சொல்லும், ஹெட்டோ இறுகியிருக்காது. பிளாக்கே விரிசல் விடவும் வாய்ப்புண்டு. துணியால் ஒற்றி, காற்றடித்துக் காய வையுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். பிறகு நேரான எஃகுப் பட்டையை ஹெட்டிலும் பிளாக்கிலும் நீளம், அகலம், குறுக்கு என்று வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். பல இன்ஜின்களில் 0.05 மி.மீ.க்கு மேல் போனாலே கவலைதான். டிகிரிக் கணக்கில் முறுக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் இழுபட்டு நீண்டுவிடும், புதிதே போடுங்கள். முறுக்குவது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக.

கடைசியாக, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஆயில் பால்போல் இருந்தால் பயந்துவிடாதீர்கள். ஹெட்டைத் தூக்கும்போது சம்ப்பில் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) விழுந்த கூலண்டாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, கொஞ்சம் ஓட விட்டு, மறுபடி டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்.