லடாக் ஏறும் பைக்: கார்புரேட்டரிலும் இன்ஜெக்ஷனிலும் நேரும் தவறுகள்

மணாலியிலிருந்து லே செல்லும் வழியில், டாங்லாங் லா கணவாயின் கடைசி வளைவுகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. ஒருவர் பைக்கை ஓரங்கட்டிவிட்டு, கழற்றிய ஸ்பார்க் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். பிளக் அடுப்புக்கரியாகக் கறுத்திருக்கும். அது கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய பாணிக் கருவி, உள்ள பைக். அவரைக் கடந்து, கணினி அளந்து பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்ஷன் பைக் ஒன்று போகும். அதுவும் இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டுதான் போகும்.

உயரத்தில் காற்று மெலிவதால் இன்ஜினுக்கு வரும் கேடுகள் இரண்டு. சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜன் குறைவதால் சக்தி குறைவது ஒன்று. இது எல்லா பைக்குக்கும் பொது. பெட்ரோலுக்கும் காற்றுக்குமான விகிதம் கெடுவது மற்றொன்று. இது பெரும்பாலும் கார்புரேட்டரின் நோய். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் மலைப்பாதையில் நான் பார்த்த பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

டாங்லாங் லா 5,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. சென்னையில் 24 குதிரைத்திறன் தரும் இன்ஜின் அங்கே 13 அல்லது 14 தந்தாலே அதிகம். இன்ஜெக்ஷன் பைக் வாங்கினால் மலையில் இழுவை குறையாது என்று நம்பி வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பைக்கில் கோளாறு என்று பதறி, சென்சாருக்குப் பொய்த் தகவல் கொடுத்துப் பெட்ரோலைக் கூட்டும் சிறு கருவிகளை வாங்கிச் சொருகுகிறார்கள். எரிப்பதற்கு ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பெட்ரோலைக் கூட்டி என்ன பயன்? சரியாக ஓடும் இன்ஜெக்ஷன் பைக்கை வலியக் கெடுக்கிற வேலை அது.

இழந்த சக்தியை ஓரளவு ஈடுகட்ட எளிய வழி ஒன்று உண்டு. செயினை இழுக்கும் முன்பக்கப் பல்சக்கரத்தில் (ஸ்ப்ராக்கெட்) ஒரு பல் குறைந்ததைப் போட்டுக்கொண்டு புறப்படுங்கள். அதிகபட்ச வேகம் சற்றுக் குறையும். ஏற்றத்தில் பாதி கிளட்ச் பிடித்துத் தட்டுகளைக் கருக்குவது மிச்சமாகும். கிளட்ச் தட்டு தீய்ந்து நின்ற பைக்குகளை கார்புரேட்டரால் நின்றவற்றுக்கு இணையாகப் பார்த்திருக்கிறேன்.

இனி கார்புரேட்டர். குறுகலான கழுத்து வழியே காற்று விரையும்போது உண்டாகும் உறிஞ்சலில் ஜெட் எனும் நுண்துளைத் திருகிலிருந்து பெட்ரோல் எழுகிறது. காற்று எவ்வளவு கனமானது என்று பார்க்கும் உறுப்பு எதுவும் அதில் கிடையாது. காற்று மெலிகிற அளவுக்குப் பெட்ரோலும் குறைந்தால் தொல்லையே இல்லை, அப்படிக் குறைவதில்லை. 5,300 மீட்டரில் கலவையில் பெட்ரோல் சுமார் 30 சதவீதம் மிகுந்துவிடும். கரும்புகை, பெட்ரோல் நெடி, ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டர் தராமல் ஓடவிடும்போது) நின்றுபோவது எல்லாம் அதன் விளைவு. உதகையில் ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் ஏறியது என்று சொல்லி லடாக்குக்குத் தயாராகிறவர்கள் உண்டு. உதகை 2,240 மீட்டர்தான். அங்கே தெரியாத குறை அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலான உயரத்தில் நன்றாகவே தெரியும்.

திணறும்போது ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்குவது பலருக்கும் கைப்பழக்கம். கார்புரேட்டரில் அது இன்ஜினை இன்னும் மூச்சுமுட்ட வைக்கும். கியரைக் குறைத்து, பாதி ஆக்சிலேட்டரில் நிதானமாக ஏறுவது நல்லது. காலையில் கூடாரத்திலிருந்து வந்ததும், குளிரில் ஸ்டார்ட் ஆகப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை இழுப்பதும் இதே வகைத் தவறு. ஏற்கெனவே பெட்ரோல் மிகுந்த கலவையில் மேலும் பெட்ரோல் சேர்ந்து பிளக் நனைந்துவிடும். முதலில் சோக் இல்லாமல் முயலுங்கள். உறைகுளிரில் பற்றவில்லை என்றால் மட்டும் சிறிது நேரம் இழுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது. காற்று அதிகம் போகும், கலவை சரியாகும் என்று யாரோ சொல்லக் கேட்டுச் செய்கிறார்கள். இதே வழியிலுள்ள பாங், மோரே சமவெளிப் பக்கம் எழும் புழுதியைப் பார்த்தவர்கள் இதைச் செய்யத் துணிய மாட்டார்கள். அந்த நுண்மணல் சிலிண்டர் சுவரை அரம்போல் தேய்த்துவிடும்.

கலவையைச் சரிசெய்யும் திருகாணியைத் திருப்புவதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. கார்புரேட்டரின் ஏர் ஃபில்டர் பக்கம் இருப்பது காற்றுத் திருகு. வெளியே திருப்பினால் பெட்ரோல் விகிதம் குறையும். இன்ஜின் பக்கம் இருப்பது பெட்ரோல் திருகு. வெளியே திருப்பினால் விகிதம் கூடும். உங்கள் பைக்கில் இருப்பது எது என்று ஊரிலேயே பார்த்துவையுங்கள். மூச்சுவாங்கும் உயரத்தில், விரல் மரத்த நிலையில் அதைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள்.

இன்ஜெக்ஷன் பைக்குக்கு இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 2016இல் கார்புரேட்டருடன்தான் வந்தது. 2017இல் இன்ஜெக்ஷனுக்கு மாறியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின் புதிய பைக்குகளில் கார்புரேட்டர் ஏறத்தாழ மறைந்துவிட்டது. காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் சென்சார்கள் அளந்து சொல்ல, கணினி அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்கிறது. சில பைக்குகளில் வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சாவி போடும்போது மட்டுமே அளக்கிறார்கள். நீண்ட ஏற்றத்தில் ஓட்டம் மந்தமானால் ஒரு நிமிடம் நிறுத்தி, சாவியை அணைத்து மீண்டும் போட்டுப் பாருங்கள்.

இன்ஜெக்ஷனின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. பெட்ரோல் பம்ப்புக்கு மின்சாரம் வேண்டும். பேட்டரி முற்றிலும் இறந்துவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கைகொடுக்காது. பழைய பேட்டரியுடன் புறப்படுவது பெரிய தவறு. அழுக்குப் பெட்ரோலும் அப்படித்தான். டாண்டி பங்க்கில் அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தொலைவில் என்று எழுதியிருந்த பலகை இந்த வழியில் போனவர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பயத்தில் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் நிரப்பிக் கட்டிக்கொள்கிறார்கள். அந்த பாட்டில் பெட்ரோலுக்கானது அல்ல. மேலே ஏற ஏற அழுத்தத்தில் உப்பிக் கசியும். முறையான கேன் வாங்குங்கள், துணியால் வடிகட்டி ஊற்றுங்கள். கார்புரேட்டரில் தூசி அடைத்தால் சாலையோரத்திலேயே வடிகால் திருகைத் திறந்து சுத்தம் செய்யலாம். இன்ஜெக்டர் அடைத்தால் பெரும்பாலும் லாரி பிடிக்கவேண்டியதுதான். உயர்ரகப் பெட்ரோலைத் தேடி அலையவோ ஆக்டேன் கூட்டும் திரவம் கலக்கவோ தேவையில்லை. சிலிண்டரில் அழுத்தம் குறைவாக இருப்பதால் உயரத்தில் சாதாரணப் பெட்ரோலே தாராளமாகப் போதும்.

சிறிய ஜெட் போடலாமா என்று கார்புரேட்டர்காரர்கள் கேட்பார்கள். லேயிலோ ஸ்பிதியிலோ பல வாரம் தங்கி ஓட்டுவதானால் போடலாம். கணவாய்களைச் சில மணி நேரத்தில் கடந்து இறங்குகிறவருக்கு ஜெட்டுக்குள் இறங்கிப் பெட்ரோலின் அளவை மட்டுப்படுத்தும் ஊசியை (நீடில்) ஒரு படி இறக்கி, ஐட்லிங்கைச் சற்றுக் கூட்டினால் போதும். காரணம் இதுதான்: பெட்ரோல் மிகுந்தால் பிளக் கறுக்கும், புகை வரும், எண்ணெய் மெல்லக் கெடும், துடைத்துவிட்டு ஓட்டலாம். பெட்ரோல் குறைந்தால் இன்ஜின் கொதித்து பிஸ்டன் இறுகிவிடும். லேயில் போட்ட சிறிய ஜெட்டுடன் சமவெளிக்கு இறங்கி, நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் நடப்பது அதுதான். என்னுடன் வந்த ஒருவருக்கு அம்பாலாவைத் தாண்டியதும் அப்படி நடந்தது. கழற்றிய பழைய ஜெட் அவர் சட்டைப்பையில் தீப்பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அன்றிலிருந்து, ஜெட் மாற்றிய நாளே அதன் அளவையும் திரும்ப மாற்றவேண்டிய ஊரையும் ஒரு சீட்டில் எழுதி ஸ்பீடோமீட்டர் மேல் ஒட்டிவிடுகிறேன்.