கர்லிங் போட்டிக்கு ஐஸ் தளம் அமைப்பது எப்படி

கர்லிங் என்பது கனமான கல்லை ஐஸில் வழுக்கவிட்டு, எதிர்முனையில் வரைந்த வளையங்களின் மையத்தருகே நிறுத்தும் ஆட்டம். கனடாவின் 'பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்' ஆண்டுதோறும் நடக்கும் கர்லிங் போட்டி. ஆண்களுக்கு 1993-லும் பெண்களுக்கு 2006-லும் தொடங்கியது. பெரும்பாலும் ஐஸ் ஹாக்கி அரங்கங்களில் நடக்கும், சிக்கலும் அங்கேதான். ஹாக்கி ஐஸ் கண்ணுக்குச் சமமாகத் தெரியும். ஆனால் 20 கிலோவை நெருங்கும் கல், வேகம் தணியும் கடைசிச் சில மீட்டரில், ஓரிரு மில்லிமீட்டர் சரிவுக்கே அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும்.

அதனால் முதலில் மட்டம். மேடான இடங்களைச் சீவிவிட்டு, ஓரங்களில் தடுப்புக் கட்டி, தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சி உறையவிட வேண்டும். தண்ணீரே மட்டம் பார்த்துக்கொள்ளும். தாது நீக்கிய தண்ணீர்தான் வேண்டும். உப்பு கலந்திருந்தால் ஐஸ் மென்மையாகிவிடும். பிறகு வெள்ளை பெயின்ட், கோடுகள், 3.66 மீட்டர் விட்டமுள்ள வளையங்கள். பெயின்ட் மேல் நேரடியாகத் தண்ணீர் ஊற்றினால் நிறம் கலைந்துபோகும். முதலில் மெல்லிய தூறலாகத் தெளித்து உறையவைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

ஆட்டத்தின் உயிர் பெபிளில் இருக்கிறது. பெபிள் என்பது ஐஸ் மேல் தெளித்து உறையவைக்கும் துளிகள். கல்லின் அடியில் உள்ள மெல்லிய வளையம் மட்டுமே இவற்றின் மேல் ஏறி ஓடும். வழவழப்பான ஐஸில் கல் பாதி தூரம்கூடப் போகாது. தண்ணீர் 45 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கட்டும்: சூடான துளி அடி ஐஸை லேசாக உருக்கிக்கொண்டு ஒட்டும், குளிர்ந்த துளி ஒட்டாமல் பெயர்ந்து வரும். தண்ணீர்க் கலனை முதுகில் மாட்டி, ஒரே நடையில் பின்னோக்கி நடந்தபடி, தெளிப்பானை இடமும் வலமும் வீசுங்கள். கை ஒரு நொடி தயங்கினாலும் அங்கே துளிகள் குவியும். அந்தத் திட்டு ஆட்டம் முழுக்கத் தொல்லை தரும். இரண்டு பூச்சு போடுவது வழக்கம்.

அடுத்து நிப்பர் பிளேடை ஓட்டித் துளிகளின் நுனியை ஒரே உயரத்துக்கு வெட்டி, துகள்களை அகலமான துடைப்பானால் துடைத்தெடுங்கள். இதை அவசரப்பட்டு விடாதீர்கள். ஒரு துகள் அடியில் சிக்கினாலும் கல் சட்டென்று திசை மாறும். நல்ல எறிதல் ஒன்று வீணாகும்.

ஐஸின் மேற்பரப்பு மைனஸ் 5 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். அரங்கம் நிறைந்ததும் கூட்டத்தின் மூச்சிலிருந்து ஈரம் ஏறும். அது உறைபனியாகப் படிந்தால் கல் கனத்து நின்றுவிடும். ஈரம் நீக்கும் இயந்திரங்களை ரசிகர்கள் வருமுன்பே ஓடவிடுங்கள்.

கற்களை முன்கூட்டியே ஐஸில் வைத்துக் குளிரவிடுங்கள். சூடான கல் பெபிளை உருக்கும்.

கடைசியில் ஸ்டாப்வாட்ச். வளையத்தின் மையத்தில் போய் நிற்கும்படி தள்ளிய கல், இரு முனை வளையங்களுக்கும் முன்னால் குறுக்கே போட்ட இரு ஹாக் கோடுகளுக்கு இடைப்பட்ட 21.95 மீட்டரைக் கடக்க 14 வினாடியை ஒட்டி எடுத்தால் தளம் தயார். வினாடி கூடக்கூட ஐஸ் வேகமானது என்று பொருள்: மெல்லத் தள்ளினாலே கல் போய்ச் சேர்கிறது. எட்டு எண்ட் (இரு அணிகளும் தம் கற்கள் அனைத்தையும் எறிந்து முடிப்பது ஒரு எண்ட்) முழுதாக ஆடினால் ஒரு ஷீட்டில், அதாவது ஒரு ஆடுதளத்தில், 128 முறை கல் ஓடும், பெபிள் தேயும், வினாடி மாறும். ஆகவே ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சீவி, தெளித்து, வெட்டி, துடைத்து, மறுபடி நேரம் பாருங்கள். அடுத்து இறங்குவது ஆண்கள் அணியானாலும் பெண்கள் அணியானாலும் அதே 14.