ஹைலக்ஸ் பக்கிக்குக் கனரகப் பின் அச்சு: தேர்வு முதல் வெல்டிங் வரை

லெசோத்தோவுக்குள் ஏறும் சானி கணவாயில் தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியைத் தாண்டியபின் 2,876 மீட்டர் உச்சி வரை 4×4 வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. அந்த ஏற்றத்தில் பின் அச்சு உடைந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். உடைந்த ஷாஃப்டை உருவி எடுத்துவிட்டு முன் சக்கர இழுப்பில் ஊர்ந்து இறங்கலாம். அல்லது சக்கரமே ஷாஃப்டோடு கழன்று வெளியே வந்துவிடும். எது நடக்கும் என்பதை கிரவுன் வீலின் (அச்சின் நடுவே டிஃபரென்ஷியலில், அதாவது டிஃப்பில், உள்ள பெரிய பல்சக்கரம்) அளவு தீர்மானிப்பதில்லை. அச்சு எந்த வகை என்பதே தீர்மானிக்கிறது.

டொயோட்டா ஹைலக்ஸ் பக்கியின் (பிக்கப் வண்டி) சொந்தப் பின் அச்சு செமி ஃப்ளோட்டிங். வண்டியின் எடையும் முறுக்கு விசையும் ஒரே ஷாஃப்டின் மேல் விழும். ஃபுல் ஃப்ளோட்டிங் அச்சில், சக்கரம் பூட்டும் ஹப்புக்குள் இரண்டு பேரிங்குகள் இருக்கும். எடையை அவையும் ஸ்பிண்டிலும் (அச்சுக் குழாயின் முனை) தாங்கும், ஷாஃப்ட் முறுக்கை மட்டும் கடத்தும். கூரைக் கூடாரம், தண்ணீர்த் தொட்டி, இரண்டாவது டீசல் டாங்க் என்று பக்கியில் சுமை ஏற்றுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். பல்லின் பெருமையெல்லாம் அப்புறம்.

டர்பன் பக்கம் பழைய பாகக் கடைகளில் மாற்று அச்சு தேடுபவர்களுக்கு நடைமுறையில் ஒத்துவருவது லேண்ட் குரூசர் 80 வரிசையின் பின் அச்சு. கிரவுன் 9.5 அங்குலம், சக்கர போல்ட் வட்டம் ஹைலக்ஸைப் போலவே 6×139.7. நிசான் பேட்ரோலுக்கும் அதே போல்ட் வட்டம்தான். அதன் எச் 233 டிஃப் உறுதியானது, ஆனால் பல் விகிதத்தையும் ப்ராப் ஷாஃப்ட் (டிஃப்புக்கு முறுக்கைக் கொண்டுவரும் நீளத் தண்டு) ஃபிளாஞ்சையும் டொயோட்டா முன் அச்சோடு சேர்ப்பது தனி வேலை. டானா 60 இன்னும் கனம். 8 போல்ட் சக்கரமும் சேர்ந்து வரும். 35 அங்குல டயருக்கு மேல் போகாதவர்களுக்கு அந்த எடை வீண்: ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் ஒவ்வொரு கிலோவும் கரடுமுரடான சரளைச் சாலையில் ஷாக் அப்சார்பரைச் சூடாக்கும்.

80 வரிசையிலும் செமி ஃப்ளோட்டிங் அச்சு வந்ததுண்டு. அடையாளம் எளிது: ரிம்மின் நடுவே ஹப் துருத்திக்கொண்டு, அதன் முகத்தில் வட்டமாக ஷாஃப்ட் நட்டுகள் தெரிந்தால் ஃபுல் ஃப்ளோட்டிங்.

காசு கொடுக்குமுன் சோதனை. டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலைப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, பேரிங் எல்லாம் மாற்ற வேண்டும். காந்தத்தில் மாவுபோல் துகள் ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் உரசும் சில்லு இருந்தால் பல் உடைந்திருக்கிறது. ஸ்பிண்டிலில் பேரிங் உட்காரும் இடம் நீலம் பாய்ந்திருந்தால் அது சூடேறி ஓடிய அச்சு, விட்டுவிடுங்கள். கடற்கரை வண்டியின் அச்சில் துரு கீழ்ப்பக்கம்தான் தின்னும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். அச்சு இன்னும் வண்டியில் இருந்தால், இரண்டு பின் டயர்களின் நடுக்கோட்டுக்கு இடைப்பட்ட தூரத்தை அச்சின் உயரத்தில் முன்னும் பின்னும் அளங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் குழாய் வளைந்திருக்கிறது.

அகலத்தை டயரிலிருந்து அளக்காமல் ஹப் முகத்திலிருந்து ஹப் முகத்துக்கு அளங்கள். கணக்கு இதுதான்: ஹப் முக அகலம் = டிராக் (இடது, வலது டயர்களின் நடுக்கோட்டுக்கு இடைப்பட்ட தூரம்) + 2 × ரிம் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் உட்காரும் முகம் வரை). 1,540 மி.மீ. டிராக், 30 மி.மீ. நேர் ஆஃப்செட் ரிம் என்றால் 1,600 மி.மீ. அச்சு தேவை. இந்தக் கணக்கைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லேண்ட் குரூசர் 79 கண்முன் இருக்கிறது. அதன் பின் டிராக் முன்னதைவிட 95 மி.மீ. குறைவு, மணலில் பின் சக்கரங்கள் முன் தடத்தில் ஓடாமல் புதுத்தடம் வெட்டுகின்றன, டீசல் கூடச் செலவாகிறது. பக்கத்துக்கு 47.5 மி.மீ. ஸ்பேசர் போட்டுச் சரிசெய்பவர்கள் உண்டு. அது சுமையை ஹப் பேரிங்கின் நடுவிலிருந்து வெளியே தள்ளுகிறது. அகலமான ஹவுசிங்கும் நீளமான ஷாஃப்டும் போடுவதே நேர்வழி.

அடுத்தது பல் விகிதம். முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும், இதில் சமாதானமே கிடையாது. 41/10 என்றால் 4.10, 43/11 என்றால் 3.909. வித்தியாசம் 5 சதவீதத்துக்கும் குறைவுதானே என்று விட்டால், 4×4 போட்ட நிமிடத்திலிருந்து, முறுக்கை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தன்னோடு தானே மல்லுக்கட்டும். டிஃப் கையில் இருக்கும்போது பல்லை எண்ணுங்கள், தகட்டை நம்பாதீர்கள். டயரைப் பெரிதாக்கப்போகிறீர்கள் என்றால் இப்போதே கணக்கிடுங்கள்: 776 மி.மீ. விட்டத்திலிருந்து 35 அங்குலத்துக்கு (889 மி.மீ.) போனால் 4.10 × 889 ÷ 776, ஏறக்குறைய 4.70. அதற்குச் சற்று மேலே உள்ள 4.88 செட்டை இரண்டு அச்சுக்கும் சேர்த்து வாங்க வேண்டும்.

இனி வெட்டும் வேலை. 80 வரிசை அச்சு காயில் ஸ்பிரிங்குக்கானது, ஹைலக்ஸின் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். இணைப்புக் கை பிராக்கெட்டுகள், காயில் இருக்கைகள், அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் கம்பியின் கொம்பு எல்லாம் போக வேண்டும். குழாயை ஒட்டி வெட்டாமல் 3 மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தைத் தேய்த்துச் சமமாக்குங்கள். கிரைண்டர் குழாயில் பள்ளம் போட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

புது ஸ்பிரிங் இருக்கைகளை 6 முதல் 8 மி.மீ. தகட்டில் செய்யலாம். நடுவிலிருந்து நடுவுக்கான தூரத்தைப் பழைய அச்சிலிருந்து எடுங்கள். இரண்டும் தத்தம் ஹப் முகத்திலிருந்து சம தூரத்தில் இருக்கட்டும். முதலில் புள்ளி வெல்டு மட்டும். பல பட்டறைகள் சறுக்குவது இங்கேதான்: அச்சைத் தரையில் வைத்தே முழு வெல்டும் அடித்துவிட்டு, வண்டியில் ஏற்றியபின் பினியன் (ப்ராப் ஷாஃப்ட் சேரும் சின்னப் பல்சக்கரம்) கோணம் தப்பிவிட்டதென்று திரும்ப வெட்டுகிறார்கள். புள்ளி வெல்டோடு வண்டிக்கடியில் ஏற்றி, வண்டியை டயரில் நிறுத்தி, வழக்கமான சுமையை ஏற்றியபின் கோணம் பாருங்கள். இரு முனையிலும் ஒற்றை யூனிவர்சல் ஜாயின்ட் உள்ள ப்ராப் ஷாஃப்டுக்கு, டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளியீட்டுக்கு இணையான நிலையிலிருந்து பினியன் மூக்கு 2 முதல் 3 டிகிரி தாழ்ந்திருக்கட்டும். முறுக்கம் வரும்போது லீஃப் ஸ்பிரிங் வளைந்து அதை மேலே தூக்கிவிடும். மேல் முனையில் இரட்டை ஜாயின்ட் என்றால் மூக்கு நேராக டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்து, 1 முதல் 2 டிகிரி மட்டும் தாழ்ந்திருக்க வேண்டும்.

குறி போட்டு இறக்கி, மூன்றாவது உறுப்பையும் (கழற்றக்கூடிய டிஃப் தொகுதி) ஷாஃப்டுகளையும் வெளியே எடுத்துவிட்டு வெல்டு செய்யுங்கள். ஒரு தையல் 25 முதல் 30 மி.மீ.; இடது, வலது, முன், பின் என்று மாற்றி மாற்றி, இடையே கை வைக்கும் சூடுக்கு ஆறவிட்டு. குழாயைச் சுற்றி முழு வளையமாக ஓட்டாதீர்கள். எர்த் கிளாம்ப் வெல்டுக்கு அருகில் ஹவுசிங்கிலேயே இருக்கட்டும். மின்சாரம் பேரிங் வழியாகப் போனால் உருளைகளில் புள்ளி விழும். மேலே டிரஸ் (குழாயின் நீளத்துக்கு ஓடும் தாங்குச் சட்டம்) வைத்து வலுப்படுத்துபவர்கள் இன்னும் கவனம்: மேல்பக்க வெல்டு ஆறிச் சுருங்கும்போது குழாயின் முனைகளை மேலே இழுக்கும், சக்கரங்கள் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும், ஷாஃப்டின் ஸ்ப்ளைனும் சீலும் மாதக்கணக்கில் தேயும். வெல்டுக்கு முன்னும் பின்னும் நேர்கம்பி விட்டுச் சரிபார்க்கும் கருவி உள்ள பட்டறையில் கொடுங்கள். செலவு மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் இது ஒன்று.

டிஃப் உள்ளே புது கிரவுன், பினியன் போட்டால் பேக்லாஷ் (பற்களுக்கு இடையேயான தளர்வு) 0.15 முதல் 0.20 மி.மீ., டயல் கேஜ் வைத்து வட்டத்தின் பல இடங்களில் அளந்தது. பல்லில் மஞ்சள் சாயம் தடவி, தடம் நடுவில் விழும்வரை ஷிம் (மெல்லிய இடைத்தகடு) மாற்ற வேண்டும்.

ஏற்றும்போது, அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் யு போல்ட்டுகள் புதிதாகவே இருக்க வேண்டும்; ஒருமுறை முறுக்கிய யு போல்ட் நீண்டுவிட்ட போல்ட். ப்ராப் ஷாஃப்டின் நழுவும் ஸ்ப்ளைனில், அச்சு முழுக்கத் தொங்கினாலும் முழுக்க அமுங்கினாலும் இரு கோடியிலும் 25 மி.மீ. இடம் மிஞ்சட்டும். நீளம் மாற்றிய ஷாஃப்டை பேலன்ஸ் செய்யாமல் போடாதீர்கள். பெரிய டிஃப் பெட்டிக்கும் கீழே தொங்கும் ஸ்டெப்னிக்கும் இடையே இடைவெளி பாருங்கள்.

பிரேக்கில் மூன்று விஷயம். சுமைக்கேற்ப அழுத்தம் மாற்றும் வால்வின் கம்பியைப் புது அச்சில் பழைய உயரத்திலேயே பிணைக்க வேண்டும். இல்லாவிட்டால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில் இறக்கத்தில் பின்பக்கம் முன்னதாகப் பூட்டிக்கொள்ளும். ஏ.பி.எஸ். இருந்தால் சென்சார் வளையத்தின் பற்கள் பழைய எண்ணிக்கையிலேயே இருக்கட்டும். அச்சு முழுக்கத் தொங்கும் நிலையிலும் பிரேக் ஹோஸ் இழுபடக்கூடாது.

டிஃப் காற்று வாங்கும் பிரீதர் குழாயைப் பின் சுமைப் பெட்டியின் விளிம்பு உயரத்துக்காவது தூக்குங்கள். சூடான டிஃப் ஆற்றில் இறங்கியதும் உள்காற்று சுருங்கி, வழி கிடைக்காவிட்டால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்.

வண்டித் தகட்டில் உள்ள மொத்த எடை வரம்பு அச்சை மாற்றியதால் உயராது. ரோட்வொர்த்தி சோதனை நிலையத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் வேலை தொடங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஜி.எல்.-5 தர ஆயில் ஊற்றி, முதல் ஓட்டம் 20 நிமிடம் மெதுவாக. பிறகு முழுக்க ஆறவிடுங்கள், இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். 100 கிலோமீட்டரில் யு போல்ட், சக்கர நட்டு இரண்டின் இறுக்கமும் பாருங்கள். 500இல் மறுபடி அவையும், கூடவே ஹப் முகத்து ஷாஃப்ட் நட்டுகளும். இவை தளர்ந்தால் ஸ்டட் வெட்டுப்பட்டுப் போகும், எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்துப் பூட்டினால் எளிதில் தளராது. 800 வரை டிரெய்லர் இழுக்க வேண்டாம். 800இல் ஆயிலை இறக்கி, காந்தத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள்.