ரயில் நிலையத்துக்குப் புதிய தண்ணீர்த் தொட்டி: கணக்கு எங்கே தப்புகிறது?

ஒரு சந்திப்பு நிலையத்துக்குப் புதிய மேல்நிலைத் தொட்டி கட்டப் போகிறோம் என்றதும் எல்லோரும் கேட்பது, "எத்தனை லட்சம் லிட்டர்?" என்பதைத்தான். அங்கேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. குடியிருப்புக்குத் தண்ணீரை நாள் கணக்கில் பார்க்கலாம். ரயிலுக்கு நிமிடக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஐ.சி.எஃப். (சென்னைப் பெட்டித் தொழிற்சாலை) வகைப் பெட்டி ஒன்றில் ஏறக்குறைய 1,800 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 22 பெட்டிகள் கொண்ட விரைவு ரயில் பாதி காலியாக வந்து நின்றால், நிரப்ப வேண்டியது சுமார் 20,000 லிட்டர். நாளுக்குப் பத்து ரயில்கள் என்றால் 2 லட்சம் லிட்டர். இதை 24 மணி நேரத்துக்கும் பரப்பிப் பார்த்தால் நிமிடத்துக்கு 140 லிட்டர்கூட வராது. சின்ன மோட்டாரே போதும் போலிருக்கும். ஆனால் ரயில் நிற்பது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் நிமிடத்துக்கு 2,000 லிட்டர் பாய வேண்டும். எதிர் நடைமேடையிலும் ஒரு ரயில் நின்றுவிட்டால் அது இரட்டிப்பாகும். எனவே முதலில் கையில் எடுக்க வேண்டியது ரயில் கால அட்டவணை. எந்த நேரத்தில் எத்தனை ரயில்கள் ஒன்றாக நிற்கின்றன என்று பார்த்த பிறகுதான் தொட்டியின் அளவைப் பேச வேண்டும்.

இதே கணக்கு குழாயின் அளவையும் காட்டிக்கொடுக்கும். தண்ணீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொண்டால், 4 அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 940 லிட்டர் போகும். 6 அங்குலக் குழாயில் 2,100 லிட்டருக்கு மேல் போகும். விட்டம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, தண்ணீரோ இரண்டேகால் மடங்கு. பழைய 4 அங்குலக் குழாயை அப்படியே விட்டுவிட்டுத் தொட்டியை மட்டும் பெரிதாகக் கட்டுவது, குடத்தைப் பெரிதாக்கி வாயைச் சின்னதாகவே விட்டதற்குச் சமம். என்னைக் கேட்டால், இருக்கிற பணத்தில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் குழாயைத்தான் மாற்றுவேன்.

தவறு முதலில் தெரிவது கடைசிப் பெட்டியில். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஓடும் குழாயிலிருந்து பெட்டிக்குப் பெட்டி ரப்பர் ஹோஸ் இழுத்துச் செருகுகிறார்கள். தொட்டிக்கு அருகில் நிற்கும் பெட்டிகள் நிரம்பி வழிந்து ஜல்லியில் கொட்டிக்கொண்டிருக்கும். கோடியில் நிற்கும் பெட்டியில் ஹோஸ் விறைக்கக்கூட இல்லை, நூல் போலத் தண்ணீர் ஏறும். கார்டு கொடி காட்டியதும் ஊழியர் ஹோஸைப் பிடுங்கிவிடுவார். இரண்டு மணி நேரம் கழித்து அந்தப் பெட்டிக் கழிவறையில் குழாயைத் திறப்பவர் திட்டப்போவது ரயிலை, தொட்டியை அல்ல. தொட்டியின் உயரத்தில் 10 மீட்டருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்ற அழுத்தம் கிடைக்கும். அதில் ஒரு பகுதியைக் குழாயின் உராய்வே தின்றுவிடும். ஆகவே உயரத்தையும் பம்பையும் நடைமேடையின் நடுவை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது, தொட்டியிலிருந்து தொலைவில் இருக்கும் கடைசிக் குழாய் முனையை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

பயணிகளின் தேவைக்கு ஐ.எஸ். 1172 என்ற இந்தியத் தரநிலை அளவு தருகிறது: விரைவு ரயில் நிற்கும் நிலையத்தில், குளியல் வசதி இருந்தால் ஆளுக்கு 70 லிட்டர், இல்லாவிட்டால் 45. இதை மட்டும் போட்டுவிட்டு ஊழியர் குடியிருப்பு, ஓட்டுநர்களின் ஓய்வறை, பெட்டி கழுவும் பிட் லைன், தீயணைப்பு இருப்பு ஆகியவற்றை மறந்துவிடுவது வாடிக்கை.

தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதைக் கடைசியில் யோசிப்பது இன்னொரு வாடிக்கை. மார்கழியில் ஆழ்துளைக் கிணற்றைச் சோதித்துவிட்டு அந்த அளவையே வருடம் முழுவதற்கும் எழுதிவைக்கிறார்கள். சித்திரையில் என்ன ஊறுகிறதோ அதுதான் அந்தக் கிணற்றின் உண்மையான கொள்ளளவு. நகராட்சி இணைப்பை மட்டும் நம்பினாலும் இதே கதைதான், ஊருக்கே பஞ்சம் வந்தால் நிலையத்துக்கு யார் தருவார்கள்? 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்து சென்னைக்குக் கொடுத்தது ரயில்தான்.

இடம் பார்ப்பதில் நடக்கும் தவறு கொஞ்சம் விசித்திரமானது. தண்டவாளத்தை ஒட்டிக் காலி நிலம் இருக்கிறது, அங்கேயே கட்டிவிடலாம் என்று தோன்றும். மிதவை வால்வு பழுதாகி இரவெல்லாம் வழிந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? வடிகால் இல்லாவிட்டால் நேராக ஜல்லிக்குள் இறங்கும். அடிமண் இளகித் தண்டவாளம் தாழ்வது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தண்டவாளத்தில் மின்னோட்டம் விட்டு ரயில் நிற்கிறதா என்று கண்டறியும் டிராக் சர்க்யூட்டின் மின்னோட்டம், நனைந்து சேறான ஜல்லி வழியாகக் கசிந்து, அங்கே ரயில் நிற்பதாகக் காட்டிவிடும், சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். தொட்டி வழிந்ததற்கு ரயில் தாமதமாகிறது! தண்டவாளத்துக்கு அடியில் செல்லும் குழாயை உறைக்குழாய்க்குள் (வெளியே காப்பாக வரும் பெரிய குழாய்) போடாமல் புதைத்தாலும் ஆபத்து இதே வகைதான். பிறகு உடைப்பைச் சரிசெய்ய ரயிலை நிறுத்தித் தோண்ட வேண்டியிருக்கும். மேலே 25,000 வோல்ட் மின்கம்பி ஓடும் பாதை என்றால், ஏணியும் பராமரிப்பு ஆட்களும் எவ்வளவு விலகி இருக்க வேண்டும் என்பதை வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும்.

தொட்டியை ஒரே அறையாகக் கட்டினால் அதைக் கழுவவே முடியாது. கழுவினால் அன்று ரயிலுக்குத் தண்ணீர் இல்லை. நடுவே சுவர் வைத்து இரண்டு அறையாக்கினால் ஒன்றைக் காலி செய்து கழுவலாம், மற்றது ஓடிக்கொண்டிருக்கும். செலவு சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

புதிய தொட்டி ஓடத் தொடங்கிய பிறகு பழையதை அப்படியே நிற்க விடுவது பலருக்குத் தவறாகவே தோன்றுவதில்லை. "இருந்துவிட்டுப் போகட்டும், அவசரத்துக்கு உதவும்" என்பார்கள். 2023 டிசம்பர் 13 அன்று மேற்கு வங்கத்தின் பர்தமான் நிலையத்தில், ஆங்கிலேயர் காலத்து இரும்புத் தொட்டி ஒன்று நடைமேடைகளுக்கு நடுவே உடைந்தது. அது அப்போதும் பயன்பாட்டில்தான் இருந்தது, அதற்கே அந்தக் கதி. பாய்ந்த தண்ணீரில் கூரை சரிந்து, ரயிலுக்குக் காத்திருந்தவர்களில் குறைந்தது மூன்று பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். ஒரு லட்சம் லிட்டர் என்பது 100 டன் எடை. பழைய தொட்டியை இடிக்கும் செலவையும், இடிக்கும் தேதியையும், புதியதற்கான மதிப்பீட்டிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.