எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறீர்களா? களப்பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலைப் படிப்பு மாணவர்கள் களப்பணிக்கு வருகிறார்கள். பெரும்பாலும் திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துப் பிள்ளைகள். பரீட்சையை எழுதிவிடுகிறார்கள். தடுக்கி விழுவது ஊருக்குள் நுழைந்த பிறகுதான்.

"சமூக சேவைக்கு எதுக்குப் பட்டம்?" என்று உறவினர்கள் கேட்பதுண்டு. சேரும் மாணவர்களில் பாதிப் பேர் மனசிலும் அதேதான் இருக்கிறது. இரக்கம் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு கேஸ் வொர்க் (தனி ஆளோடு செய்யும் பணி), குரூப் வொர்க் (குழுவோடு செய்வது), சமுதாய ஒழுங்கமைப்பு (ஊர் மக்களைத் திரட்டிச் செய்வது) என்ற பாடங்களையெல்லாம் மார்க்குக்காக மனப்பாடம் செய்கிறார்கள். 1936-இல் பம்பாயில் இதைத் தனிப் படிப்பாகத் தொடங்கியதே, இரக்கத்தோடு பயிற்சியும் வேண்டும் என்பதால்தான். பாடம் ஆங்கிலத்தில் இருந்தால், ஒவ்வொரு சொல்லையும் உங்கள் அம்மாவிடம் சொல்வதுபோல் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'செல்ஃப் டிடர்மினேஷன்' என்று பக்கம் பக்கமாக எழுதுகிற மாணவருக்கு, "அவங்க முடிவை அவங்கதான் எடுக்கணும்" என்று வாயில் வரவில்லையென்றால் களத்தில் அது பயன்படாது.

அதிகம் பார்க்கும் தவறு ரிப்போர்ட்டில். ஒரு மாணவர் இப்படி எழுதி வந்தார்: "குடும்பம் வறுமையில் வாடுகிறது. தாய் குழந்தைமேல் அக்கறையற்றவர்." எதைப் பார்த்து இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். காலை 10 மணிக்குப் போனபோது அம்மா வீட்டில் இல்லையாம். நாலு வயசுப் பிள்ளை பக்கத்து வீட்டு ஆயாவோடு விளையாடிக்கொண்டிருந்ததாம். வேறென்ன பார்த்தீர்கள்? யோசித்துச் சொன்னார்: சட்டியில் சோறு மூடியிருந்தது, தட்டின்மேல் ஒரு கல் வைத்திருந்தது.

அது சம்பா நடவு நேரம். அந்த அம்மா விடியும் முன்பே எழுந்து சோறு ஆக்கி, பூனை தட்டிவிடாமல் கல் வைத்து, பிள்ளையை ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு வயலுக்குப் போயிருக்கிறார். கல்லை எழுதியிருந்தால் அக்கறை தெரிந்திருக்கும். அவர் எழுதியது தன் தீர்ப்பை. பார்த்தது, கேட்டது ஒரு பகுதி, அதைப் பற்றி நீங்கள் நினைப்பது இன்னொரு பகுதி என்று பிரித்து, அன்று இரவே எழுதிவிடுங்கள். நாலு வாரத்து ரிப்போர்ட்டை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து எழுதினால் கல்லெல்லாம் மறந்துபோய்விடும், தீர்ப்பு மட்டும்தான் மிஞ்சும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. டெல்டாவில் களப்பணி அட்டவணையைக் கல்லூரி மணியை வைத்துப் போடாதீர்கள். மேட்டூர் எப்போது திறந்தார்கள், நடவா களையெடுப்பா அறுப்பா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நடவு நாளில் சாயங்காலம் 4 மணிக்கு மேல்தான் ஆளைப் பார்க்க முடியும். அப்போதும் அவர்கள் குளித்து, அடுப்பு மூட்டி, ஒரு வாய் டீ குடிக்கும்வரை திண்ணையில் காத்திருங்கள்.

ஊரின் வரலாறு தெரியாமல் போவதும் பெரிய தவறு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட மண் இது. முதல் நாள் யார் உங்களைக் கூட்டிப்போகிறார், யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறீர்கள், எந்தத் தெருவுக்குக் கடைசியாகப் போகிறீர்கள் என்பதையெல்லாம் ஊர் பார்த்துக்கொண்டே இருக்கும். பெரிய வீட்டில் காபி குடித்துவிட்டுத் தலித் குடியிருப்புத் தெருவில் "தாகமில்லைங்க" என்று சொன்னால் அங்கே உங்கள் களப்பணி அன்றோடு முடிந்தது.

வாக்குக் கொடுப்பதைப் பற்றிச் சொல்லும்போது என் தவறைத்தான் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நான் மாணவி. கூரை பறிபோன ஒரு பாட்டியிடம், "முதியோர் பென்ஷன் கண்டிப்பா வாங்கித் தரேன் பாட்டி" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் போனால், துவைத்த சேலை கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. அதற்குள் ஆதார், ரேஷன் கார்டு, நனைந்து காய்ந்த ஒரு போட்டோ. "பணம் கொண்டாந்திருக்கியா தாயி?" என்று கேட்டார்.

மனு போட வேண்டும், வி.ஏ.ஓ. விசாரிக்க வேண்டும், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார் உத்தரவு போட வேண்டும். இதில் எதுவும் என் கையில் இல்லை. "மனு எழுத உதவுறேன், முடிவு தாலுகா ஆபீஸ்ல" என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

குழந்தைகளிடம் இந்தத் தவறு இன்னும் ஆபத்து. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சொல்லு" என்று கேட்டுவிடாதீர்கள். பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம். மறைப்பதும் குற்றம். "உன்னைப் பாதுகாக்கத் தேவைப்படுறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்பதே உண்மையான வாக்கு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ மனப்பாடமாக வைத்திருங்கள். குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளோடு எடுத்த செல்ஃபியை ஸ்டேட்டஸில் போடவே போடாதீர்கள். பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 6 மாதம்வரை சிறைகூட உண்டு.

சிறப்புப் பாடத்தை நண்பர்கள் எடுக்கிறார்கள் என்று எடுக்காதீர்கள். மனிதவளமா, மருத்துவமும் மனநலமுமா, சமுதாய மேம்பாடா என்பதை முதலாண்டுக் களப்பணி முடிந்த பிறகு, எந்த இடத்திலிருந்து திரும்பும்போது மனசு அங்கேயே கிடந்தது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். களப்பணியே இல்லாமல் பட்டம் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கே சேர வேண்டாம்.

கடைசியாக, பருவம் முடிந்ததும் சொல்லாமல் மறைந்துபோவது. மூன்று வாரம் முன்பே, "இந்தத் தேதிக்கு மேல வரமாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் மனு எண், போட்ட தேதி, யாரைப் போய்க் கேட்க வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். வாசித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை இருந்தால் அதையும் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தாளை ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே வைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.