கோப்புறை திறக்கவில்லையா, மணிக்கூட்டைப் பாருங்கள்

கிளிநொச்சியில் எங்கள் அலுவலகத்தில் கரண்ட் போய் வந்த ஒரு காலை, மூன்று கணினிகளில் மட்டும் கிளஸ்டர் சேமிப்பகத்தின் (பல சேர்வர்கள் சேர்ந்து ஒன்றாக இயங்கும் கோப்புக் களஞ்சியம்) கோப்புறை திறக்கவேயில்லை, கடவுச்சொல்லைச் சரியாக அடித்தாலும் திரும்பத் திரும்ப அதையே கேட்டது. கேபிளைக் கழற்றி மாட்டியே அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால் திரையின் மூலையில் 2009 என்று நிற்கிறது! கரண்ட் இல்லாதபோது நேரத்தைக் காக்கும் மதர்போர்ட் பற்றரி செத்துப்போய், நேரத்தைச் சரிசெய்யும் விண்டோஸ் டைம் சேவையும் நின்றிருந்தது. டொமைனில் (அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வலையமைப்பு) கணினிக்கும் சேர்வருக்கும் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை உள்ளே விடாமல் மறுக்கும். சிஆர் 2032 பற்றரி ஒன்றைப் போட்டு, அந்தச் சேவையையும் தொடக்கிவிடுங்கள்.

அப்புறம், டிரைவை மேப் செய்யும்போது (அந்தக் கோப்புறையை உங்கள் கணினியில் ஒரு டிரைவாக இணைக்கும்போது) ஒரு நோடின், அதாவது கிளஸ்டரில் உள்ள ஒரு சேர்வரின், ஐபி முகவரியைக் கொடுக்காமல் கிளஸ்டரின் பெயரையே கொடுங்கள், அப்போதுதான் அந்த நோட் விழுந்தாலும் மற்றது பொறுப்பெடுக்கும்.